முதல் வகுப்பு: சாக்ஸ் போடுவது எப்படி?

பத்துத் தேசியக் கோப்பைகளை வென்றவர், வெற்றியைப் பற்றித் தன் பையன்களிடம் பேசாதவர். கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வூடன் (1910–2010) வாழ்ந்த கதை.

1975 மார்ச் 29. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அரையிறுதி. கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டு போன ஆட்டத்தில் லூயிவில் அணியை 75–74 என்று ஒரே புள்ளியில் தாண்டியது வூடனின் அணியான யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்). தோற்ற அணியின் பயிற்சியாளர் டென்னி கிரம், ஜான் வூடனிடமே ஆடக் கற்று அவருக்கே உதவியாளராகவும் இருந்தவர். சிஷ்யனிடம் கை குலுக்கிவிட்டு நிருபர்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார் வூடன். பாதி வழியில் மனசு முரண்டு பிடித்தது. இன்றைக்கு அந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுக்கவே பிடிக்கவில்லை. இப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டால் விலகிக்கொள்ள வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவெடுத்தார். நேரே உடைமாற்றும் அறைக்குப் போய், தான் பயிற்சி கொடுக்கும் கடைசி அணி இதுதான் என்று பையன்களிடம் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில் கென்டக்கியை 92–85 என்று வென்றார்கள். வூடனுக்கு அது பத்தாவது தேசியக் கோப்பை. பன்னிரண்டே வருடங்களில் பத்து. அதில் 1967 முதல் 1973 வரை ஒரு வருடம்கூட விடாமல் ஏழு. நடுவில் ஒரு கட்டத்தில் தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் தோல்வி என்பதே கிடையாது. இதெல்லாம் முடிந்து 64 வயதில் விடைபெறும் அந்த ராத்திரி, பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்து உதவும் ரசிகர் ஒருவர் வந்து வாழ்த்தினார். போன வருஷம் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள், இப்போது சரிக்கட்டிவிட்டீர்கள் என்ற பாணியில் இருந்தது வாழ்த்து. போன வருஷம் என்றால் 1974. ஏழு கோப்பைகளுக்குப் பிறகு அரையிறுதியில் தோற்ற ஒரே வருஷம்.

இந்தக் கதையை வூடன் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கென்னவோ அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்த ரசிகரிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று படுகிறது. ஊர் ஒரு கணக்கு வைத்திருந்தது. அவர் வேறு கணக்கு வைத்திருந்தார். இரண்டும் ஒரே காகிதத்தில் எழுதப்பட்டதே இல்லை.

தக்காளிக் கூடையும் கந்தல் பந்தும்

இண்டியானா மாநிலத்தில் ஹால் என்ற சின்ன ஊரில் 1910 அக்டோபர் 14 அன்று பிறந்தார். வளர்ந்தது சென்டர்டன் பக்கத்தில் ஒரு சிறிய பண்ணையில். மின்சாரம் கிடையாது, வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் கிடையாது. அண்ணன் தம்பிகள் நாலு பேருக்கு இரண்டு கட்டில். இரண்டு சகோதரிகள் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். பழைய காலுறைக்குள் கந்தல் துணியைத் திணித்து அம்மா ஒரு பந்து தைத்துக் கொடுத்தார். தக்காளி பறிக்கும் கூடையின் அடியைத் தட்டி எடுத்துவிட்டு, வைக்கோல் பரணில் ஆணி அடித்து மாட்டினார் அப்பா. அமெரிக்கக் கூடைப்பந்தின் மிகப் பெரிய வாத்தியாருக்கு இதுதான் முதல் மைதானம்.

அப்பா ஜோஷுவா வூடன், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு பைபிளும் கவிதையும் வாசித்துக் காட்டுகிற விவசாயி. பன்றிகளுக்கு நோய் வராமல் இருக்கப் போட்ட தடுப்பூசி மருந்து கெட்டுப்போயிருந்ததில் பன்றிகள் செத்தன. கடனை அடைக்க முடியவில்லை. பண்ணை கையை விட்டுப் போனது. மருந்து விற்றவனை அவர் திட்டியதில்லை, விதியை நொந்துகொண்டதும் இல்லை என்று மகன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே. சிணுங்காதே, குறை சொல்லாதே, சாக்குச் சொல்லாதே. அந்த வீட்டின் சட்டம் மொத்தமே இந்த ஆறுதான். ஆரம்பப் பள்ளி முடித்த அன்று அப்பா ஒரு அட்டையில் ஏழு விஷயங்களை எழுதிக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு நாளையும் உன் தலைசிறந்த வேலையாக ஆக்கிக்கொள் என்பது அதில் ஒன்று. அந்த அட்டையை வூடன் பர்ஸில் வைத்தே சுற்றினார்.

பண்ணை போன பிறகு குடும்பம் மார்ட்டின்ஸ்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. இண்டியானாவில் கூடைப்பந்து என்பது விளையாட்டு மட்டுமல்ல. ஊர்த் திருவிழா, குலதெய்வம் எல்லாம் அதுதான். மார்ட்டின்ஸ்வில் உயர்நிலைப் பள்ளி அரங்கில் உட்கார இருந்த இடம் ஊர் ஜனத்தொகையைவிட அதிகம். அந்தப் பள்ளி அணி 1927-ல் மாநிலக் கோப்பையை வென்றது, ஜான் அதில் முக்கியமான ஆட்டக்காரர்.

உழுதுகொண்டிருந்த பையனைப் பார்க்கக் காரில் வந்தவள்

அந்த ஊர்ப் பெண்தான் நெல்லி ரைலி. ஒரு கோடை நாளில் தோழிகளோடு காரில் வந்தவள், வயலில் கோவேறு கழுதைகளை ஓட்டி உழுதுகொண்டிருந்த ஜானைக் கண்டு, வா வா என்று சாலை ஓரத்திலிருந்து கையசைத்தாள். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளி திறந்ததும் நேராக வந்து கேட்டாள், அன்றைக்கு ஏன் அப்படி மரியாதையில்லாமல் நடந்துகொண்டாய் என்று. உடம்பெல்லாம் புழுதியும் வியர்வையுமாக இருந்தேன், நீங்களெல்லாம் சேர்ந்து கேலி பண்ணுவீர்கள் என்று நினைத்தேன் என்றார் பையன். உன்னை நான் ஒருநாளும் கேலி பண்ண மாட்டேன் என்றாள் அவள். வூடனின் காதல் கதையில் வசனம் மொத்தமே இவ்வளவுதான். இதற்குப் பிறகு அவர் வேறு பெண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆட்டங்களைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்து கார்னெட் ஊத ஆரம்பித்தாள் நெல்லி. ஆட்டம் தொடங்கும் முன் பையன்கள் வட்டம் கூடி நிற்பார்கள். அப்போது ஜான் கண்ணால் அவளைத் தேடுவார். அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து 'எல்லாம் சரி' என்று காட்டுவாள். பள்ளியில் தொடங்கிய இந்தப் பழக்கம் அவர் கல்லூரியில் ஆடியபோதும் தொடர்ந்தது, பயிற்சியாளராகப் பெஞ்சில் உட்கார்ந்தபோதும் தொடர்ந்தது. அரங்கில் பத்தாயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் முதலில் நெல்லி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அந்த விரல் வளையத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டம்.

பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு சிவில் என்ஜினீயரிங் படிக்கத்தான் போனார். அதற்குக் கோடை விடுமுறையில் முகாமுக்குப் போக வேண்டும் என்றார்கள். கோடையில் கூலி வேலைக்குப் போனால்தான் மறு வருடம் படிப்பு ஓடும். எனவே ஆங்கில இலக்கியத்துக்கு மாறினார். 1930, 31, 32 மூன்று வருடமும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தரையில் விழுந்த வேகத்தில் எழுந்து ஓடுவதால் 'இண்டியானா ரப்பர் மனிதர்' என்று பெயர் வைத்தார்கள்.

படிப்பு முடிந்ததும் கல்யாணம். பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவையே பிழிந்துகொண்டிருந்த காலம். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த 909 டாலரையும் விழுங்கிக்கொண்டு, முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்னால் வங்கி மூடிவிட்டது. தெரிந்தவர் ஒருவரிடம் கைமாற்று வாங்கி 1932 ஆகஸ்ட் 8 அன்று இண்டியானாபொலிஸில் கல்யாணம் நடந்தது. அன்று சாயங்காலம் புது ஜோடி மில்ஸ் பிரதர்ஸ் பாட்டுக் கச்சேரிக்குப் போனார்கள்.

அடுத்த பதினொரு வருடம் வூடன் பள்ளி ஆசிரியர். கென்டக்கி மாநிலத்தின் டேட்டனில் இரண்டு, இண்டியானாவின் சவுத் பெண்டில் ஒன்பது. ஆங்கிலம் நடத்துவார், சாயங்காலம் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பார். டேட்டனில் முதல் வருடம் ஆறு வெற்றி, பதினோரு தோல்வி. அதற்குப் பிறகு 1975 வரை தோல்விகள் கூடிய சீசனே அவருக்கு வரவில்லை. வாரக் கடைசியில் காசுக்காக ஒரு தொழில்முறை அணியில் ஆடுவார். அங்கே வரிசையாக நூறாவது ஃப்ரீ த்ரோவைப் போட்டபோது அணியின் முதலாளி ஆட்டத்தை நிறுத்தி நூறு டாலர் நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். அது நேராக நெல்லியின் கைப்பைக்குப் போய்விட்டது. வீட்டுக் கணக்கு அவர் பொறுப்பு.

சவுத் பெண்டில்தான் வூடன் தன் சொந்தக் கணக்கை எழுத ஆரம்பித்தார். காரணம் கூடைப்பந்து அல்ல, ஆங்கில வகுப்பின் மதிப்பெண் அட்டை. பையன் ஏ வாங்கவில்லை என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். பி வாங்கிய பிள்ளையை வீட்டில் வறுத்தெடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் சி வாங்கினால் மட்டும் பரவாயில்லையாம், அவனுக்கு அவ்வளவுதான் வருமாம். நமக்கு நன்றாகப் பழக்கமான காட்சிதான். உன்னால் முடிந்ததை முழுசாகச் செய்தாய் என்று உனக்கே தெரியும்போது கிடைக்கிற மன அமைதிதான் வெற்றி என்று 1934-ல் ஒரு வரையறை எழுதினார் வூடன். அடுத்தவனை ஒப்பிட்டுப் பார்க்க அதில் இடமே இல்லை. பிறகு அதையே பதினைந்து கட்டங்கள் கொண்ட ஒரு கூம்பாக வரைய ஆரம்பித்தார். உழைப்பும் உற்சாகமும் அஸ்திவாரத்தின் இரண்டு மூலைகள். வரைந்து முடிக்க 1948 ஆயிற்று. 'வெற்றியின் பிரமிடு' என்று இன்றைக்கு நிர்வாகவியல் பயிலரங்குகளில் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார்களே, அது ஒரு ஆங்கில வாத்தியார் பெற்றோர்களிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட படம்.

யுத்த காலத்தில் கடற்படையில் இருந்தார். திரும்பி வந்தபோது தவணை கட்ட முடியாமல் வீடு போயிருந்தது. அப்பாவிடம் கற்ற பாடம் இருந்ததால் சிணுங்கவில்லை போலிருக்கிறது.

துடைப்பம் பிடித்த கோச்

1948-ல் பயிற்சியாளராக அவர் போக விரும்பிய இடம் மினசோட்டா பல்கலைக்கழகம். அங்கிருந்து குறித்த நேரத்துக்குள் போன் வர வேண்டும். பனிப்புயலில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்ததால் வரவில்லை. அவர்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்து, அடுத்து வந்த லாஸ் ஏஞ்சலஸ் அழைப்புக்குச் சரி சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மினசோட்டாவும் கூப்பிட்டது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று நெல்லியோடும் மகள், மகனோடும் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டுவிட்டார்.

போய்ச் சேர்ந்த இடம் அப்படியொன்றும் சொர்க்கம் அல்ல. பயிற்சிக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. காற்று வராது. ஒரு பக்கம் மல்யுத்தம், இன்னொரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், நடுவில் இவர் அணி. வியர்வை நாற்றத்துக்காகவே அந்த இடத்துக்குப் பட்டப்பெயர் உண்டு. தினம் பயிற்சிக்கு முன்னால் வூடனே துடைப்பத்தையும் ஈரத் துணியையும் எடுத்துத் தரையைத் துடைப்பார். மூன்று வருடத்தில் புது அரங்கம் கட்டித் தருகிறோம் என்றார்கள். பதினேழு வருடம் ஆயிற்று. சம்பளம் ஆறாயிரம் டாலர். பற்றாததால் முதல் சில வருடங்கள் காலையில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு அப்புறம்தான் கல்லூரிக்கு வருவார். முதல் தேசியக் கோப்பை கிடைத்தது 1964-ல், பதினாறாவது சீசனில். இன்றைக்கு எந்தக் கல்லூரியும் எந்தப் பயிற்சியாளருக்கும் பதினாறு வருடம் கொடுக்காது.

ஒவ்வொரு சீசனும் பயிற்சியின் முதல் நாள், நாட்டின் மூலை முடுக்கெல்லாம் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த நட்சத்திரப் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மகா ரகசியம் ஏதோ சொல்லப் போகிறார் என்ற எதிர்பார்ப்பு. வூடன் ஷூவைக் கழற்றுவார். சாக்ஸைக் கழற்றுவார். பிறகு சாக்ஸ் போடுவது எப்படி என்று வகுப்பு தொடங்கும். விரல் நுனியிலிருந்து மெதுவாக இழு. சுண்டுவிரல் பக்கம் சுருக்கம் விழும், நீவி விடு. குதிகாலில் இன்னொரு சுருக்கம் நிற்கும், அதையும் எடு. கையால் தடவிப் பார், இருக்கிறதா? இல்லையா? சரி, இப்போது ஷூ. வாய் நன்றாகத் திறந்திருக்கட்டும். லேஸை மேலே மட்டும் இழுத்துக் கட்டாதே, ஒவ்வொரு ஓட்டையாக இறுக்கிக்கொண்டு வா. இரட்டை முடிச்சு போடு.

ஏழு அடிக்கு மேல் வளர்ந்த பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். காரணம் ரொம்பச் சாதாரணமானது. சாக்ஸில் சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி போகும், பயிற்சி போனால் ஆட்டம் போகும். பையன் வீட்டிலிருந்து சொல்லி வருகிற ஷூ அளவையும் அவர் நம்புவதில்லை. அளந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் போட்டுக்கொண்டிருப்பான்.

இரண்டு மணி நேரப் பயிற்சிக்குக் காலையில் உதவியாளர்களோடு உட்கார்ந்து கிட்டத்தட்ட அதே அளவு நேரம் திட்டம் போடுவார். எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு எந்தப் பயிற்சி என்று சின்ன அட்டையில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். போன வருடம் இதே நாளில் என்ன செய்தோம் என்பதும் நோட்டில் இருக்கும். விசில் ஊதினால் ஓடித்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். கெட்ட வார்த்தை கூடாது. கூட ஆடுகிறவனைக் குறை சொல்லக் கூடாது. கூடை போட்டவன், பாஸ் கொடுத்தவனைப் பார்த்துத் தலையசைக்கவோ விரல் காட்டவோ வேண்டும். அவன் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டானாம். நிச்சயம் பார்ப்பான் என்றாராம் வூடன்.

1974–75 சீசனில் ரோனால்ட் காலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அரங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 2,326 பதிவுகள். பெரிய வீரவசனம் ஒன்றுகூட இல்லை. பாராட்டு ஏழு சதவீதம்கூட வரவில்லை, கண்டிப்பும் அதே அளவு. முக்கால்வாசி வெறும் தகவல். இப்படிச் செய், அப்படி அல்ல, இதோ பார், இப்போது இப்படிச் செய். தப்பாகச் செய்தவன் முன்னால் முதலில் சரியாக ஒரு தடவை செய்து காட்டுவார், அவன் செய்த மாதிரி ஒரு தடவை, மறுபடி சரியாக ஒரு தடவை. எல்லாம் சில வினாடிகள். சினிமாவில் வருகிற கோச் மாதிரி கண்ணீர் வரவழைக்கும் பேச்சு பேசத் தெரியாதவர் என்றில்லை, அதில் நம்பிக்கை இல்லாதவர். இன்றைக்கு உசுப்பிவிட்டால் நாளைக்கு இறங்கிப்போகும் என்பது அவர் எண்ணம். எதிரணியைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஜெயிக்க வேண்டும் என்ற பேச்சை எடுக்கவே மாட்டார்.

இதைக் கேட்டு அவரைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டம் நடக்கும்போது சுருட்டிய நிகழ்ச்சிநிரல் காகிதத்தை வாயருகே வைத்துக்கொண்டு நடுவர்களையும் எதிரணி வீரர்களையும் சீண்டுவார். இளவயதில் அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, பின்னால் வருத்தப்பட்டும் இருக்கிறார்.

கிளாரன்ஸ் வாக்கரும் லூ அல்சிண்டரும்

லாஸ் ஏஞ்சலஸ் வருவதற்கு முன் இண்டியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் இரண்டு வருடம் இருந்தார். 1947-ல் அந்த அணிக்குத் தேசியப் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. கறுப்பின வீரர்களுக்கு அனுமதி இல்லை என்பது நிபந்தனை. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். பெஞ்சில் உட்காருகிற மாற்று வீரர்தான், அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஆட்டத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வூடன் அழைப்பையே நிராகரித்தார். அடுத்த வருடம் விதி மாறியது. வாக்கரோடு போனார்கள், இறுதிவரை வந்து தோற்றார்கள். அந்தத் தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் என்று வாக்கர் பெயர் பதிவானது. வூடன் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதே இல்லை. எனக்கு அந்தப் பத்துக் கோப்பைகளைவிட அந்த ஒரு நிராகரிப்பு கனமாகத் தெரிகிறது.

1965-ல் நியூயார்க்கிலிருந்து வந்தார் ஏழடி இரண்டங்குல உயரமுள்ள லூ அல்சிண்டர். பிற்பாடு கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். ஒருமுறை இருவரும் சாப்பிடப் போன இடத்தில், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அந்தப் பையனை நிறத்தைச் சொல்லிக் கேவலமாகப் பேசினார். வூடனுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை, மனிதர்கள் எல்லோரும் இப்படி இல்லை என்று ஏதோ தட்டுத்தடுமாறிச் சொன்னார். அந்தத் தடுமாற்றம் அன்று தன்னைக் காயப்படுத்தியது என்பதையும், வூடனுக்குள் அது எத்தனை காலம் உறுத்திக்கொண்டிருந்தது என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டதையும் அப்துல்-ஜப்பார் 2017-ல் எழுதிய 'கோச் வூடனும் நானும்' என்ற புத்தகத்தில் உணரலாம். ஐம்பது வருட நட்பு அது. கிராமத்துக் கிறிஸ்தவரும் நியூயார்க்கில் வளர்ந்து இஸ்லாத்தைத் தழுவியவரும். தொண்ணூறு வயது தாண்டிய வூடனைக் கைபிடித்து ஆடுகளத்திலிருந்து அழைத்துப் போகிறார் அப்துல்-ஜப்பார், அந்தப் படத்தைப் பலர் பார்த்திருக்கக்கூடும்.

கரும்புள்ளிகள் இல்லாமல் இல்லை. 1970-ல் பில் சைபர்ட் என்ற மாற்று வீரர், அணியின் வருடாந்திர விருந்து மேடையிலேயே எழுந்து, இங்கே நட்சத்திரங்களுக்கு ஒரு சட்டம், பெஞ்சில் இருப்பவனுக்கு ஒரு சட்டம் என்று போட்டு உடைத்தார். வூடன் அதிர்ந்துபோனார். அதற்குப் பிறகு பையன்களோடு பேசும் நேரத்தைக் கூட்டிக்கொண்டார். இதைவிடப் பெரியது சாம் கில்பர்ட் விவகாரம். அந்தப் பணக்காரக் கட்டட ஒப்பந்தக்காரர் பல வருடங்களாக வீரர்களுக்கு விதிக்கு மாறாகச் சலுகைகள் செய்துவந்தார் என்பது வூடன் ஓய்வு பெற்ற பின் செய்தித்தாளில் விரிவாக வந்தது. தனக்கு எதுவும் தெரியாது, ஒருவேளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேனோ என்றார் வூடன். சாக்ஸின் சுருக்கத்தை விரலால் தடவிப் பார்க்கிறவர் கண்ணில் புதுக் கோட்டும் காரும் படவில்லையா என்று கேட்பவர்களுக்குச் சரியான பதில் அவர் தரப்பில் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

அவருக்குப் பணத்தாசை இல்லை என்பதில் மட்டும் எதிரிகளும் சந்தேகப்பட்டதில்லை. உச்சத்தில் இருந்தபோதும் அவருடைய ஆண்டுச் சம்பளம் 35,000 டாலரைத் தாண்டவில்லை. உயர்த்திக் கேட்டதும் இல்லை. நகரத்தின் தொழில்முறை அணியான லேக்கர்ஸிலிருந்து பல மடங்கு சம்பளத்தோடு அழைப்பு வந்தது. வேண்டாம் என்றுவிட்டார்.

21-ம் தேதி

ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்றலாம், பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம் என்றிருந்தார்கள். 1982-ல் நெல்லிக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை. அப்போது மாரடைப்பு வந்து கோமாவில் விழுந்தார். டாக்டர்கள் கைவிரித்தார்கள், குடும்பத்தார் வந்து பார்த்துவிடுங்கள் என்றார்கள். வூடன் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து ஒருநாள் அந்தக் கை திரும்ப அழுத்தியது. எழுந்துவிட்டார். 1984-ல் சியாட்டிலில் நடந்த இறுதிச்சுற்றுப் போட்டிகளுக்குச் சக்கர நாற்காலியில் அவரை அழைத்துக்கொண்டு போனார் கணவர். பயிற்சியாளர்கள் கூட்டத்தில் இருவரையும் கண்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

1985 மார்ச் 21 அன்று நெல்லி இறந்தார். ஐம்பத்திரண்டு வருடத்துக்கும் மேலான தாம்பத்தியம். வூடன் ஒடுங்கிப்போனார். பிள்ளைகள் கலங்கிவிட்டார்கள். பழைய வீரர்கள் போன் மேல் போன் போட்டார்கள், எடுத்தால் சுரத்தே இல்லாத குரல். வருடாவருடம் போய்க்கொண்டிருந்த அந்த இறுதிச்சுற்றுக்கு அடுத்த பத்து வருடம் போகவில்லை. 1995-ல் யு.சி.எல்.ஏ. மறுபடி இறுதிக்கு வந்தது, அதுவும் சியாட்டிலில். அப்போதுதான் போய் உட்கார்ந்தார். அணியும் ஜெயித்தது. அவரைத் துக்கத்திலிருந்து மீட்டதில் பெரும் பங்கு கொள்ளுப்பேரக் குழந்தைகளுடையது. கடைசியில் பேரப்பிள்ளைகள் ஏழு, கொள்ளுப்பேரர்கள் பதின்மூன்று.

ஒவ்வொரு மாதமும் 21-ம் தேதி நெல்லியின் கல்லறைக்குப் போவார். வீட்டுக்கு வந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதுவார். பேரன் என்ன சொன்னான், கொள்ளுப்பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா என்கிற மாதிரியான வீட்டுச் சமாசாரங்களும், உன்னைத் தேடுகிறது என்பதும். மடித்து உறையில் போட்டு, கட்டிலில் நெல்லியின் தலையணை மேல் வைப்பார். கடிதங்கள் சேரச் சேர ரிப்பன் போட்டுக் கட்டி வைத்தார். கட்டிலில் தன் பக்கத்தில் மட்டும்தான் படுப்பார். இப்படி ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல, இருபது வருடத்துக்கும் மேல். பார்வை மங்கி எழுத முடியாமல் போன பிறகுதான் நின்றது. பத்திரிகைகள் இதைப் பெரிய காதல் காவியமாக எழுதின. அவர் அப்படி எதுவும் நினைத்திருப்பார் என்று தோன்றவில்லை. விளையாட்டரங்கத் தரையைத் தினம் துடைத்ததும், முதல் நாள் வகுப்பை வருடம் தவறாமல் சாக்ஸில் தொடங்கியதும், 21-ம் தேதி பேனா எடுத்ததும் அவருக்கு ஒரே வகை வேலை. செய்ய வேண்டியது, எனவே செய்கிறார்.

என்சினோ பகுதியில் அவர் இருந்தது சாதாரண அடுக்குமாடி வீடு. சுவர் முழுக்கக் குடும்பப் படங்கள், அலமாரி முழுக்கப் புத்தகங்கள். ஆப்ரகாம் லிங்கனும் அன்னை தெரசாவும் அவருடைய ஆதர்சங்கள், இருவரைப் பற்றியும் புத்தகம் புத்தகமாக வைத்திருந்தார். காலையில் பக்கத்துச் சின்ன ஹோட்டலில் டிபன், யார் வந்து உட்கார்ந்தாலும் பேச்சு. யு.சி.எல்.ஏ. ஆட்டம் என்றால் பெஞ்சுக்குப் பின்னால் அவர் இருக்கை. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கையெழுத்து, காசு வாங்குவதில்லை. ஆட்டக்காரராக 1960-லும் பயிற்சியாளராக 1973-லும் கூடைப்பந்துப் புகழரங்கில் இடம்பிடித்தவர், அப்படி இரு வகையிலும் இடம்பெற்ற முதல் ஆள் அவர்தான். 2003-ல் அமெரிக்க அதிபர் கையால் சுதந்திரப் பதக்கம் வாங்கினார். அதே வருடம் யு.சி.எல்.ஏ. அரங்கின் ஆடுகளத்துக்கு அவர் பெயரைச் சூட்ட நினைத்தார்கள். நெல்லியின் பெயரும் வேண்டும், அதுவும் முதலில் வர வேண்டும் என்றார். அப்படியே எழுதினார்கள். 2010 ஜூன் 4 அன்று காலமானார். நூறு வயதுக்கு நாலு மாதம் பாக்கி.

இந்த சீசன் எப்படி என்று நிருபர்கள் கேட்டால், இந்தப் பையன்கள் என்ன ஆகிறார்கள் என்று இருபது வருடம் கழித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பது அவர் வழக்கமான பதில். பில் வால்டனை வைத்துப் பார்ப்போம். 88 ஆட்டத் தொடரின் நாயகன், யுத்த எதிர்ப்புப் போராட்டத்தில் கைதான ஹிப்பி. விடுமுறை முடிந்து ஒருநாள் தாடியும் நீள முடியுமாக வந்து நின்றார். என் முடி, என் உரிமை என்றார். கொள்கையில் உறுதியாக இருப்பவர்களை எனக்குப் பிடிக்கும் பில், உன்னைத்தான் இங்கே எல்லோரும் தேடுவோம் என்றார் கோச், முகம் மாறாமல். வால்டன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் பறந்தார். கல்லூரியில் அந்தக் கிழவரின் பொன்மொழிகளைக் கேட்டுக் கண்ணை உருட்டிய அதே வால்டன், நாலு பையன்களுக்கு அப்பாவான பிறகு தினமும் அவர்களுடைய மதியச் சாப்பாட்டுப் பையின் மேல் வூடனின் வாக்கியங்களை எழுதி அனுப்பினார். பையன்கள் பள்ளியில் பையை மறைத்து மறைத்துத் திறந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் லூக் வால்டன். 2016-ல் லேக்கர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். வூடன் வேண்டாம் என்று சொன்ன வேலை.